ஆனைமேல் துஞ்சிய இளவரசரும் அருகில் இல்லாத மலைநாட்டாரும்

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குத் தக்கோலம் என்ற பெயர் புதிதன்று. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த அந்த நாவலின் தொடக்கத்திலேயே, வீரநாராயண ஏரிக்கரையில் வைத்து, சோழ இளவரசர் இராஜாதித்தர் நமக்கு நினைவூட்டப்படுகிறார். வடக்கே பெரும்போரை எதிர்நோக்கியிருந்த அவர், தம் வீரர்களைக் கொண்டு அந்த ஏரியை வெட்டுவித்தார் என்பது கதை. அவர் தந்தை முதற் பராந்தகரின் விருதுப்பெயரே ஏரியின் பெயராயிற்று என்பது வரலாறு. மண் சுமந்ததாகச் சொல்லப்படும் அந்த வீரர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், போருக்குப் பின் என்ன ஆனார்கள் என்று நாவலைப் படிக்கும்போது நாம் கேட்டுக்கொள்வதில்லை. இளவரசரின் சாவு அவ்வளவு பெரியது. அதன் நிழலில் மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள்.

இக்கட்டுரை அந்த மற்றவர்களுள் ஒரு பிரிவினரைப் பற்றியது. அவர்கள் சோழநாட்டார் அல்லர், தொண்டைநாட்டாரும் அல்லர். மேற்கு மலைகளைக் கடந்து, அன்று மலைநாடு எனப்பட்ட இன்றைய கேரளத்திலிருந்து, சோழ இளவரசரிடம் பணிபுரிய வந்தவர்கள். அவர்களுள் இருவரின் வாழ்க்கைத் தடங்கள் கல்லில் எஞ்சியிருக்கின்றன. அவ்விருவரும் ஒருவரேயாகலாம் என்று கருதுவோரும் உண்டு. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

எல்லை ஊரின் வரலாறு

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தால், ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி கண்ணுக்கு எட்டும் தொலைவிலோ அதற்குச் சற்று அப்பாலோ நடந்தது என்பது விளங்கும். தென்கிழக்கே அரக்கோணத்தைக் கடந்தால் தக்கோலம். சம்பந்தர் பாடிய திருவூறல் அதுவே. கிழக்கே திருவாலங்காடு. முதலாம் இராஜேந்திரரின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பெருஞ்செப்பேட்டுத் தொகுதி அங்கேதான் கிடைத்தது. மேற்கே சோளிங்கர். கங்க அரசர் இரண்டாம் பிருதிவிபதிக்குப் பராந்தகர் அளித்த சிறப்புகளைச் சொல்லும் பாறைக் கல்வெட்டு அங்கு உண்டு. ஊருக்கு அருகிலேயே வேலஞ்சேரி. பல்லவர் அபராஜிதரின் செப்பேடும் பராந்தகரின் செப்பேடும் 1977ஆம் ஆண்டில் அங்கு வெளிப்பட்டன.

அபராஜிதருக்கும் திருத்தணிக்கும் உள்ள உறவை இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர் நம்பி அப்பி என்பவர். அவரைப் புகழும் வெண்பா ஒன்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அதை இயற்றியவர் பெருமானடிகளே, அதாவது அரசர் அபராஜிதரே என்று கல்வெட்டு சொல்கிறது. கோயில் கட்டிய குடிமகன் ஒருவனுக்காக அரசன் வெண்பா எழுதுவது எல்லா நாளும் நிகழ்வதன்று. அந்தப் பாவரசரின் முடிவு யானைமேல் நேர்ந்தது. சோழர் முதலாம் ஆதித்தர், பல்லவரின் யானைமேல் பாய்ந்தேறி அவரைக் கொன்றார் என்று வீரராஜேந்திரரின் கன்னியாகுமரிக் கல்வெட்டு கூறுகிறது. தொண்டைமண்டலம் சோழர் வசமானது அவ்வாறுதான். அந்த ஆதித்தரின் மகன் பராந்தகர். பராந்தகரின் மகன் இராஜாதித்தர். பாட்டனார் யானைமேல் ஏறி வென்ற நாட்டைக் காக்கும் போரில், பேரனும் யானைமேலேயே உயிர்விட நேர்ந்தது.

போருக்கான காரணங்கள் பல ஆண்டுகளாகத் திரண்டு வந்தவை. பராந்தகர் வாணர்களை வென்று அவர்கள் நாட்டை நண்பரான பிருதிவிபதிக்குக் கொடுத்தார். வைதும்பரும் அவரிடம் தோற்றனர். நாடிழந்த இவ்விரு குடியினரும் இராஷ்டிரகூடரின் ஆதரவை நாடினர். 939இல் மூன்றாம் கிருஷ்ணர் இராஷ்டிரகூட அரியணை ஏறினார். தமிழ்க் கல்வெட்டுகள் இவரைக் கன்னரதேவர் என்று அழைக்கும். கங்கநாட்டில் இவருடைய தமக்கை கணவரான பூதுகர் அதிகாரத்துக்கு வந்தார். பிருதிவிபதி மறைந்தபின், சோழரின் வடமேற்கு எல்லையில் நம்பத்தக்க துணை எதுவும் எஞ்சவில்லை. இந்தச் சூழலில்தான் இராஜாதித்தர் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில், பெண்ணையாற்றுப் பகுதியில், நிலைகொண்டிருந்தார். அவருடைய இருப்பிடம் திருநாவலூர். அவர் பெயரால் அவ்வூர் இராஜாதித்தபுரம் என்றும் வழங்கிற்று.

திருநாவலூரில் எரிந்த விளக்குகள்

திருநாவலூர்த் திருத்தொண்டீசுவரத்துக் கல்வெட்டுகளில் மலைநாட்டு வீரர்களை நாம் சந்திக்கிறோம். இராஜாதித்தரின் பரிவாரத்தினரும், அவர் அன்னை கோக்கிழானடிகளின் பரிவாரத்தினரும் அங்கே அறங்கள் செய்துள்ளனர். கோக்கிழானடிகள் சேர அரசகுலத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மகனுடைய படையில் மலைநாட்டார் மிகுந்திருந்ததற்கு இந்தத் தாய்வழி உறவும் ஒரு காரணமாகலாம்.

இவ்வீரர்கள் செய்த அறம் பெரும்பாலும் ஒரே வகையானது. கோயிலில் இரவும் பகலும் அணையாது எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு ஆடுகள் அளிப்பது. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது அக்கால வழக்கம். ஆடுகளை ஏற்றுக்கொண்டவர் நாள்தோறும் அளந்த நெய்யைக் கோயிலுக்குத் தரவேண்டும். மூத்தவை சாகும், குட்டிகள் வளரும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. ஆகையால் கல்வெட்டு மொழியில் இவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள்!

இச்சொல்லாட்சியைக் கல்வெட்டுகளில் நூறுமுறை கடந்து போயிருக்கிறோம். கொடுத்தவன் ஒரு படைவீரன் என்று அறிந்து படிக்கும்போது அது வேறுவிதமாக ஒலிக்கிறது. தன் ஊரிலிருந்து பல நாள் நடைத்தொலைவில், எப்போது வரும் என்று தெரியாத ஒரு போருக்காகக் காத்திருப்பவன், தன் கூலியில் மிச்சம் பிடித்து ஆடு வாங்குகிறான். தனக்கு வாய்க்காத இரண்டையும் அந்த ஆடுகளுக்கு எழுதிக் கொடுக்கிறான். தன் பெயரையும் தான் மலைநாட்டான் என்பதையும் சேர்த்தே பொறிக்கச் சொல்கிறான். பெயரோடு நாட்டையும் சொல்லவேண்டிய தேவை உள்ளூர்க்காரனுக்கு இல்லை.

மொழி அவர்களுக்குப் பெரிய தடையாக இருந்திராது. மலைநாட்டின் பேச்சு தனிமொழியாக முற்றும் பிரியாத காலம் அது. ஆனால் எழுத்து வேறு. அவர்கள் ஊர்க் கல்வெட்டுகள் வட்டெழுத்தில் அமைந்தவை. திருநாவலூரில் அவர்கள் பெயர்களைத் தமிழெழுத்தில் வெட்டினர். சொந்தப் பெயரைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர் என்பதையும் இங்கே மறக்கலாகாது. சுந்தரரின் உற்ற நண்பர் மலைநாட்டுச் சேரமான் பெருமாள். சுந்தரர் வெள்ளை யானைமேல் கயிலைக்குப் புறப்பட்டபோது சேரமான் குதிரையேறி உடன் சென்றார். அது கண்ட சேரமானின் வீரர்கள் தம் வாளால் தம்மையே மாய்த்துக்கொண்டு தலைவனைத் தொடர்ந்தனர் என்று பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கம் சொல்கிறது. சேக்கிழார் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். தலைவன் போகும் இடத்துக்கு வீரனும் போகவேண்டும் என்ற எண்ணமோ அதனினும் மிகப் பழையது. சோழப் படையில் பின்னர்ப் பெயர்பெற்ற வேளைக்காரரும், பிற்கால மலைநாட்டின் சாவேர்களும் அந்த எண்ணத்தின் வடிவங்களே. யானைமேல் போகும் நண்பனும், அவனைத் தொடரும் மலைநாட்டானும் இந்த ஊரின் நினைவில் ஊறிய சித்திரம். நம் கதையில் அச்சித்திரம் ஓரிடத்தில் பிறழ்ந்துபோகிறது.

ஆற்றுத்தளி

திருநாவலூர் வட்டாரத்தில், பெண்ணையாற்றின் பக்கம், கிராமம் என்ற பெயருடைய ஓர் ஊர் உள்ளது. பழம்பெயர் திருமுடியூர். அங்குள்ள சிவன் கோயிலை ஆற்றுத்தளி என்று கல்வெட்டு குறிக்கிறது. இதைக் கற்றளியாக எடுப்பித்தவர் வெள்ளங்குமரன். மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூரைச் சேர்ந்தவர், இராஜாதித்தரின் படைத்தலைவர்.

இக்கல்வெட்டு வரலாற்றாய்வாளரிடையே புகழ்பெற்றது. பராந்தகரின் 36ஆம் ஆட்சியாண்டோடு கலியாண்டு 4044ஐயும், அதற்கு மேல் கலி தொடங்கிய நாளிலிருந்து கடந்த மொத்த நாள்களின் எண்ணிக்கையையும் அது தருகிறது. அந்த எண் 14,77,037. இதைக் கொண்டு கணித்த அறிஞர் கீல்ஹார்ன், 943 ஜனவரி 14, சனிக்கிழமை என்ற நாளைப் பெற்றார். பராந்தகர் 907இல் ஆட்சிக்கு வந்தார் என்று இன்று நாம் எழுதுவதற்கு ஆதாரமான சான்றுகளில் இதுவும் ஒன்று. அதாவது, சோழ வரலாற்றின் காலக்கணக்கு ஊன்றி நிற்கும் கற்களில் ஒன்றை நட்டவர் சோழநாட்டார் அல்லர்.

ஆண்டைச் சொல்லி நிறுத்தாமல் கலி நாள்களை எண்ணிச் சொல்வது தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் அரிது. மலைநாட்டுக் கணிதமரபிலோ கலிதினம் ஆழ வேரூன்றிய ஒன்று. பின்னாளில் மேல்பத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயத்தை முடித்த நாளைக்கூட அதன் இறுதிச் சொற்களுக்குள் கலிதினமாகவே பொதிந்து வைத்தார். வெள்ளங்குமரன் ஊரைவிட்டு வந்தபோது இந்தக் கணக்கையும் கொண்டுவந்தார் என்றே நாம் கருதுகிறோம். பெயர்ந்து வந்தவன் உடை மாறுவான், உணவு மாறுவான். நாளை எண்ணும் முறையை மட்டும் எளிதில் விடுவதில்லை.

கற்றளி எடுப்பிப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் பணி. மலையிலிருந்து கல் வரவேண்டும், தச்சர்களுக்குக் கூலி தரவேண்டும், பூசைக்கு நிலம் விடவேண்டும். ஊர் திரும்பும் நினைப்பில் இருப்பவன் இதில் இறங்கமாட்டான். 943இல் வெள்ளங்குமரன் திருமுனைப்பாடியைத் தம் நாடாகவே கொண்டுவிட்டார். அடுத்த ஆறாண்டுகளில் போர் வந்தது.

தக்கோலம், 949

வேலூர்ப் பகுதியில் உள்ள சோழபுரத்துப் பாறைக் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 871ஐச் சேர்ந்தது. கன்னரதேவர் இராஜாதித்தரை வீழ்த்தித் தொண்டைமண்டலத்துள் புகுந்த ஆண்டு என்றே அது அவ்வாண்டை அடையாளப்படுத்துகிறது. போர் நடந்தது 949இல் என்று நாம் கொள்வது இதனால்தான்.

போரின் உச்சத்தைச் சொல்லும் சான்றுகள் இருதரப்பிலும் உள்ளன. திருவாலங்காட்டுச் செப்பேடும் லெய்டன் பெருஞ்செப்பேடும், கிருஷ்ணரின் பெரும்படையைக் கலக்கிய இராஜாதித்தர் யானைமேல் இருந்தவாறே மார்பு பிளக்கப்பட்டு வீரசுவர்க்கம் சென்றார் என்று பாடுகின்றன. எதிர்த்தரப்பின் சான்று கருநாடகத்து மண்டியா மாவட்டத்தின் ஆதகூரில் கிடைத்தது. இராஜாதித்தரைக் கொன்றவர் கங்கர் பூதுகரே என்று அந்தக் கன்னடக் கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. அதன் ஒரு தொடரை முதலில் படித்த அறிஞர், பூதுகர் வஞ்சகமாகக் கொன்றதாகப் பொருள் கொண்டார். பின்னர் அது திருத்தப்பட்டது. யானைமேல் இருந்த அம்பாரியையே போர்க்களமாக்கிக் குத்திக் கொன்றார் என்பதே சரியான பொருள். ஒரு சொல்லைப் பிரித்துப் படிப்பதில் ஏற்பட்ட பிழையால் ஒருவர் பல ஆண்டுகள் வஞ்சகராக நின்றார். பாடபேதம் என்பது புலவர் வீட்டுச் சண்டை மட்டுமன்று என்பதற்கு இது நல்ல சான்று.

சோழர் தம் கல்வெட்டுகளில் இராஜாதித்தரை ஆனைமேல் துஞ்சினார் என்று குறித்தனர். இறந்த இடத்தால் அரசரைச் சுட்டும் இவ்வழக்கம் சங்ககாலத்தது. சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறனையும் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனையும் நாம் அறிவோம். அவர்கள் துஞ்சியது மாடத்திலும் முற்றத்திலும். இராஜாதித்தர் துஞ்சிய இடத்துக்கு ஊர்ப்பெயர் இல்லை. நகர்ந்துகொண்டிருந்த ஒரு விலங்கின் முதுகே அவருடைய கடைசி இடம்.

கன்னரதேவர் கச்சியும் தஞ்சையும் கொண்டவர் என்ற விருதைப் பெற்றார். தொண்டைமண்டலம் ஏறத்தாழ இருபதாண்டு அவர் ஆட்சியில் இருந்தது. இன்றைய வேலூர்ப் பக்கத்து மேல்பாடியில் அவர் பாசறை அமைத்துத் தங்கியதை 959இல் வெளியிடப்பட்ட கர்ஹாட் செப்பேடு கூறுகிறது. அவ்வாண்டிலேயே சோமதேவசூரி தம் யசஸ்திலகத்தை முடித்தார். அந்நூலும் மேல்பாடியில் கிருஷ்ணர் இருந்ததைக் குறிப்பிடுகிறது.

ஆதகூர்க் கல்லைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பூதுகரின் வெற்றியைச் சொன்னாலும், அக்கல் பூதுகருக்காக நடப்பட்டதன்று. அவருடைய வீரர் மணலேரர் போரில் காட்டிய தீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றார் பூதுகர். மணலேரர் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. பின்னொரு நாள் அந்நாய் ஒரு பெருங்காட்டுப்பன்றியுடன் பொருதது. இரண்டும் மாண்டன. நாய்க்காகக் கல் நட்டனர், நிலம் விட்டனர், நாயும் பன்றியும் மோதும் காட்சியைச் செதுக்கினர். நிலத்தை அனுபவிப்பவர் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் நாயின் பாவத்தை அடைவார் என்றும் எழுதினர். தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், தலைவன் இறந்தபின்னும் காத்துநின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர்சொல்லிப் போற்றுகிறது.

நாய்க்குக் கல் நட்டதை நாம் குறைசொல்லவில்லை. அது அழகிய செயல். ஆயினும் தக்கோலத்துக் கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளிடையே நிற்கும்போது மனம் ஒரு கணக்குப் போடத்தான் செய்கிறது. கொன்றவருக்கு வனவாசிப் பன்னீராயிரம் முதலிய நாடுகள் கிடைத்தன. இறந்த இளவரசருக்குச் செப்பேட்டில் சுலோகங்கள் கிடைத்தன. நாய்க்கு நடுகல் கிடைத்தது. திருநாவலூரில் விளக்கெரித்த மலைநாட்டு வீரர்களுள் எத்தனையோ பேர் இக்களத்தில் வீழ்ந்திருக்க வேண்டும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று தொல்காப்பியம் முறைவகுத்த மண்ணில், அவர்கள் விட்டுச் சென்றவை இறப்பதற்கு முன் தாங்களே ஏற்றிய விளக்குகள் மட்டுமே. நடுகல் என்பது ஊரார் எடுப்பது, உறவினர் எடுப்பது. பெயர்ந்து வந்தவனுக்கு இரண்டும் தொலைவில் இருந்தன.

ஒற்றியூர்த் துறவி

போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின் திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. வடமொழி அறிஞர் வே. இராகவன் பதிப்பித்து விளக்கிய இக்கல்வெட்டு சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றியது. அவர் கேரளநாட்டில் பிறந்தவர், இளமையிலேயே கலைகள் கற்றவர். சோழநாடு வந்து இராஜாதித்தரின் நெருங்கிய துணைவரானார். போர்க்களத்தில் இளவரசர் மாண்டபோது உடனிருந்து உயிர்விடும் பேறு தமக்கு வாய்க்காமையால் உலகப்பற்றைத் துறந்தார். நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்றார். ஒற்றியூர் மடத்தின் தலைமையை ஏற்றார். ஊர்ச்சபையிடம் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடக்க ஏற்பாடு செய்தார்.

வெள்ளங்குமரனே சதுரானனர் என்று கருதும் அறிஞர்கள் உள்ளனர். இருவரும் மலைநாட்டார், இருவரும் இராஜாதித்தருக்கு மிக அணுக்கமானவர்கள், காலமும் பொருந்துகிறது. ஆயினும் கிராமத்துப் படைத்தலைவரையும் ஒற்றியூர்த் துறவியையும் ஐயமின்றிப் பிணைக்கும் சான்று இல்லை. நாவலாசிரியர் பிணைக்கலாம். நாம் இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பதோடு அமைவோம்.

ஒருவராயினும் இருவராயினும், ஒற்றியூர்க் கல்வெட்டு நமக்குச் சொல்வது அரியதொரு செய்தி. வீரத்தைப் பேசும் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. தான் அங்கு இல்லை என்பதைப் பேசும் கல்வெட்டு எத்தனை உண்டு? நடுகல்லில் ஏறுபவன் இறந்தவன். வெற்றித்தூணில் ஏறுபவன் வென்றவன். தப்பிப் பிழைத்தவனுக்குக் கல் இல்லை. அவன் பிழைப்பே அவனுக்கு வசையாகும் ஒழுக்கம் அது. சதுரானனர் அந்த வசையைத் தம் வரலாற்றின் நடுவே வைத்து எழுதச் சொன்னார்.

அவர் தேர்ந்த ஊரும் நோக்கத்தக்கது. திருநாவலூரில் பிறந்த சுந்தரர், பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சூளுரைத்து, அதை மீறிக் கண்ணிழந்த தலம் திருவொற்றியூர். சொன்ன சொல் தவறியவன் எப்படி வாழ்வது என்ற கேள்வி அவ்வூரின் புராணத்திலேயே இருக்கிறது. சதுரானனர் அதை நினைத்துத்தான் அங்கே சென்றார் என்று நாம் சொல்லவரவில்லை. திருநாவலூரில் சில காலமேனும் இளவரசருடன் வாழ்ந்தவர் அக்கதையை அறியாமல் இருந்திருக்க மாட்டார் என்பதே நம் துணிபு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்த செய்தி இதுதான். அந்தக் கல்வெட்டின் ஆண்டுக்கணக்கு கன்னரதேவரின் 20ஆம் ஆட்சியாண்டு. தம் நண்பரைக் கொன்ற படையின் தலைவர் எவரோ, அவருடைய ஆட்சியாண்டைத் தலைப்பில் தாங்கித்தான் சதுரானனரின் துயரம் கல்லில் ஏறிற்று. வேறு வழியில்லை. தொண்டைமண்டலம் அப்போது அவருடையது. இறந்திருந்தால் சோழரின் வீரராக இறந்திருப்பார். வாழ்ந்தமையால் பகைவரின் ஆண்டுகளை எண்ணி வாழ்ந்தார். ஒருகாலத்தில் மலைநாட்டார் ஒருவர் கலி பிறந்தது முதல் நாள்களை எண்ணித் தாம் விரும்பிவந்த நாட்டில் கோயில் எழுப்பினார். இப்போது மற்றொரு மலைநாட்டாரின், அல்லது அதே மலைநாட்டாரின், நாள்கள் வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டன.

சதுரானன பண்டிதர் என்ற பெயர் அவரோடு அழியவில்லை. ஒற்றியூர் மடத்தலைவர்களின் பட்டமாக அது தொடர்ந்தது. முதலாம் இராஜேந்திரர் காலத்தில் ஒற்றியூர்க் கருவறை கருங்கல்லால் எழுந்தபோது, அதற்குத் தூண்டுகோலாக இருந்தவரும் ஒரு சதுரானன பண்டிதரே. அக்கருவறை தூங்கானை வடிவினது. படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் வளைந்த அமைப்பு. நம் திருத்தணியில் நம்பி அப்பி எடுப்பித்த கோயிலும் அதே வடிவம். தொண்டைநாட்டில் இவ்வடிவம் பழையது, பரவலானது. இதில் மறைபொருள் எதையும் தேடவேண்டியதில்லை. யானைமேல் துஞ்சியவரின் தோழருடைய பெயர், யானைத்துயில் வடிவக் கோயிலின் வரலாற்றோடு சேர்ந்து நிற்கிறது என்பதைக் குறித்து வைக்கிறோம், அவ்வளவே.

யார் ஊரார்

திருத்தணியில் வாழ்பவர்களுக்கு எல்லை என்பது புத்தகச் சொல்லன்று. சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்த இவ்வூர், ம. பொ. சி. முதலானோரின் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பின், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துக்கு வந்தது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கே மிகப் பல. வகுப்பறையில் நடுகல் பாடம் நடத்தும்போது, இவர் நம்மவரா வந்தேறியா என்ற கேள்வி மாணவர் வாயிலிருந்து எளிதாக வந்துவிடுகிறது. அச்சொல்லை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று நாம் கேட்கவேண்டியதில்லை. காற்றில் இருக்கிறது.

அப்போதெல்லாம் இந்த மலைநாட்டார்களை நாம் நினைத்துக்கொள்கிறோம். சோழரின் காலக்கணக்கை நமக்கு உறுதிசெய்து தந்த கல் ஒரு மலைநாட்டார் நட்டது. இராஜாதித்தருக்காக வாழ்நாள் முழுதும் துக்கம் காத்ததாக நமக்குத் தெரியவரும் ஒரே மனிதர் மலைநாட்டார். திருநாவலூரின் விளக்குகளில் பல அவர்கள் ஆடுகளின் நெய்யில் எரிந்தவை. ஒரு மண்ணுக்கு உரியவன் அங்கே பிறந்தவன்தான் என்றால், இவர்கள் எவரும் இம்மண்ணுக்கு உரியவரல்லர். அம்மண்ணின் இழப்பைத் தன் இழப்பாக எண்ணியவனும் உரியவன்தான் என்றால், ஒற்றியூர்த் துறவியைவிட உரிமை கொண்டாடத் தக்கவர் யார்?

தக்கோலத்துக்கு அரக்கோணத்திலிருந்து பேருந்தில் போய்வரலாம். கோயிலுக்குப் போகும் நண்பர்கள் போர்க்களத்தைத் தேடி அலையவேண்டாம். சுற்றிலும் இன்று வயலும் வீடுகளும்தான். திருவூறல் இறைவன் முன் ஒரு நெய்விளக்கு ஏற்றுங்கள். ஏற்றும்போது இளவரசரை நினையுங்கள். அவருடன் வந்து, பெயரின்றிப் போன மலைநாட்டாரையும் சேர்த்து நினையுங்கள். அவர்கள் இங்கே விட்டுச் செல்ல விரும்பியதும் அணையாத விளக்கைத்தான்.